வாசகர் கேள்வி–பதில்: பழைய மோட்டார் கார்களில் விசிறியைச் சோதித்த விதம்

பழைய மோட்டார் கார்களில் இன்ஜின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்த வாசகர்கள் பலர், அதன் பின்னால் சுழலும் விசிறியைப் பற்றித் தனியே கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே கருத்துடைய கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கார்ல் பென்ஸ் உருவாக்கிய முதல் வண்டியில் விசிறியே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் இன்ஜின் சூட்டை எப்படித் தாங்கியது? விசிறி எப்போது, எதற்காகச் சேர்ந்தது? — ஒரு கல்லூரி மாணவி, சிவகங்கை

பதில்: 1886-இல் காப்புரிமை பெற்ற பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் இருந்தது 954 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அதன் திறன் முக்கால் குதிரைத்திறன் அளவுதான். சிலிண்டரைச் சுற்றி நின்ற நீர் கொதித்து ஆவியாகி வெளியேறும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுசென்றது. ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுவதால், அவ்வளவு சிறிய இன்ஜினுக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. ஆனால் குறைந்த நீரை அவ்வப்போது ஈடுகட்ட வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை அந்த வண்டியின் மேம்பட்ட வடிவம் ஒன்றில் கடந்தபோது, வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் நிரப்ப நேர்ந்தது அதனால்தான்.

இன்ஜினின் திறன் கூடியதும் இந்தக் கணக்கு கட்டுபடியாகவில்லை. 20 குதிரைத்திறன் என்பது சுமார் 15 கிலோவாட். ஏறத்தாழ அதே அளவு வெப்பம் சிலிண்டர் சுவர் வழியாக நீருக்குள் இறங்கும். அதை ஆவியாக்கியே போக்குவதானால் மணிக்கு 24 லிட்டர் நீர் வேண்டும். ஆகவே நீரை வெளியே விடாமல், அதே நீரைக் காற்றால் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்கு அனுப்பும் முறை தவிர்க்க முடியாததாயிற்று. இந்தத் துறையில் பெரிய திருப்பம் 1900-இல் வந்தது. டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக், 35 குதிரைத்திறன் கொண்ட முதல் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுர வாயுடைய 8,070 சிறு குழாய்கள் வழியாகக் காற்று செல்ல, அவற்றின் இடுக்குகளில் நீர் இறங்கியது. அதற்குத் தேவைப்பட்ட நீர் 9 லிட்டர் மட்டுமே.

அந்த ரேடியேட்டருக்குப் பின்னால் மேபாக் ஒரு சிறு விசிறியையும் பொருத்தினார். வண்டி விரைந்து ஓடும்போது காற்று தானாகவே குழாய்களுக்குள் புகுந்துவிடும். மேட்டில் முதல் கியரில் ஊரும்போதும், இன்ஜின் ஓடியபடியே வண்டி நிற்கும்போதும்தான் காற்றை இழுக்க ஓர் உதவி தேவை. ஆக, விசிறி வண்டி மெதுவாகச் செல்லும் நேரத்துக்கென்றே ஏற்பட்ட உறுப்பு. அதைச் சோதிக்கும் முறையும் அந்த நேரத்தைக் கணக்கில் கொண்டே அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல சாலையில் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு விசிறியைப் புகழ்வதிலோ குறைகூறுவதிலோ பொருளில்லை.

கேள்வி: கணினியும் மின்னணுக் கருவிகளும் இல்லாத காலத்தில், இரண்டு விசிறி வடிவங்களில் எது சிறந்தது என்று எப்படி முடிவு செய்தார்கள்? இன்று ஒருவர் அதே முறையில் சோதிக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? — ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர், ஈரோடு

பதில்: முதலில் எவ்வளவு காற்று தேவை என்று பார்ப்போம். மேலே சொன்ன 15 கிலோவாட் வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்றால், வினாடிக்கு அரை கிலோ காற்று, அதாவது சுமார் 0.4 கனமீட்டர், அதன் வழியே செல்ல வேண்டும். அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் உடைய ரேடியேட்டரில் இது வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்துக்குச் சமம். கேட்பதற்கு மிகச் சிறிய வேகமாகத் தோன்றினாலும், நெருக்கமான தகடுகளுக்கும் குழாய்களுக்கும் இடையே அந்த வேகத்தைத் தளராமல் தருவது எளிய வேலை அன்று.

அளக்கும் கருவிகள் மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே இருந்தன. நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றோட்டத்தை அளப்பதற்காக இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரம் 1840-களில் உருவாக்கிய காற்றுவேகமானி, மெல்லிய தகட்டு இதழ்களைக் கொண்ட ஒரு சிறு சக்கரம். காற்றோட்டத்தில் பிடித்தால் அது சுழன்று, பல்சக்கரங்கள் வழியாக முள்ளை நகர்த்தும். இதை விசிறிக்குப் பின்னால் பிடிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. விசிறியை விட்டு வரும் காற்று முறுக்கிக்கொண்டு வருவதால், அங்கே கருவி காட்டும் எண்ணை நம்ப முடியாது. ரேடியேட்டருக்கு முன்னால், காற்று அமைதியாக உள்ளே நுழையும் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ரேடியேட்டரின் முகத்தை நூல் கட்டி இருபத்தைந்து சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரே கால அளவு கருவியை வைத்துப் பதிவு செய்தால், சராசரி மட்டுமின்றி ஒரு வரைபடமே கிடைத்துவிடும். வட்டமான விசிறிக்கு முன் சதுரமான ரேடியேட்டர் இருப்பதால் மூலைச் சதுரங்களில் முள் ஏறக்குறைய நகராமலே நிற்பதை அப்போது நேரில் காணலாம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி, 50 சென்டிமீட்டர் சதுர ரேடியேட்டரின் பரப்பில் பாதிக்குத்தான் நேராக நிற்கிறது. விசிறியின் விளிம்பைச் சுற்றி ரேடியேட்டரோடு இணையுமாறு ஒரு தகரக் கூடு அடித்துப் பொருத்தி, அதே இருபத்தைந்து இடங்களிலும் மீண்டும் அளந்து பாருங்கள், மூலைகளும் உயிர்பெறும். இறக்கையின் வடிவத்தை மாற்றுவதைவிட இந்தத் தகரக் கூட்டினால் கிடைக்கும் பயன் பல நேரங்களில் அதிகம்.

அடுத்தது, விசிறி உண்ணும் திறன். விசிறியை இன்ஜினிலிருந்து கழற்றி மின்மோட்டார் ஒன்றால் சுழற்றி, மோட்டார் எடுக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, விசிறியைக் கழற்றிய பிறகு வெறும் மோட்டார் எடுக்கும் அளவைக் கழித்தால் விடை வரும். 746 வாட் ஒரு குதிரைத்திறன். காற்றின் அளவை மட்டும் எழுதிவிட்டு இந்த எண்ணை எழுதாமல் விட்ட சோதனையை நான் அரைச் சோதனை என்றே சொல்வேன். இரண்டு மடங்கு காற்று தரும் விசிறி எட்டு மடங்கு திறனை விழுங்கினால், இருபது குதிரைத்திறன் வண்டிக்கு அது ஆகாது.

இவையெல்லாம் மேசைமேல் செய்யும் சோதனைகள். வண்டியில் பொருத்திய பின் தீர்ப்புச் சொல்வது தெர்மாமீட்டர். ரேடியேட்டரின் மேல்தொட்டியில் ஒன்று, கீழ்த்தொட்டியில் ஒன்று, வண்டிக்கு வெளியே நிழலில் ஒன்று என மூன்று வேண்டும். இன்ஜினை ஒரே சுமையில், ஒரே வேகத்தில் ஓடவிட்டு, மேல்தொட்டியின் வெப்பநிலை ஏறாமல் நிலைத்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் சில நிமிடங்களில் பதிவு செய்பவர் அளப்பது விசிறியை அன்று, இரும்பும் நீரும் சூடேற எடுக்கும் நேரத்தை. நிலைத்த பிறகு மேல்தொட்டி நீரின் வெப்பநிலையிலிருந்து வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் வரும் வேறுபாடுதான் நாம் தேடும் எண். எடுத்துக்காட்டாக, வெளிக்காற்று 25 டிகிரியாகவும் நீர் 85 டிகிரியாகவும் இருந்தால் வேறுபாடு 60. அதே வேலையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ மாறாமலே இருக்கும் என்பதால், வெளிக்காற்று 40 டிகிரியை எட்டும் நாளில் நீர் கொதித்துவிடும் என்று குளிர்காலத்திலேயே கூறிவிடலாம். இரண்டு விசிறிகளை வெவ்வேறு நாட்களில் சோதித்தாலும் ஒப்பிட முடிவது இந்தக் கழித்தலால்தான்.

மலையில் இந்த எல்லை இன்னும் சுருங்கும். 4,302 மீட்டர் உயரமுள்ள அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சியில் நீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். அங்கே காற்றும் மெலிந்திருப்பதால், விசிறி அதே கன அளவை இழுத்தாலும் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்றின் எடை குறைந்துவிடும். மலை ஏறுவதற்குத் தாழ்ந்த கியர், அதனால் குறைந்த வேகம், முதுகுப்பக்கமிருந்து வீசும் காற்று என்பன எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் பழைய கார்களின் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. 1910-களில் அமெரிக்காவில் பரவிய பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கருவி, ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டரை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்கும்படி வைத்தது. அது நீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைக் காட்டும் கருவி. ஓட்டுநருக்கு எச்சரிக்கை தர அது போதும். விசிறிகளை ஒப்பிட அதை நம்பக் கூடாது. நீர்மட்டம் சற்று இறங்கினாலே அதன் அளவு வேறாகிவிடும்.

இனி, சோதனையைக் கெடுக்கும் காரணங்கள். இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விசிறிக்குக் கிடைக்கும் நற்பெயரிலும் கெட்டபெயரிலும் பாதி இவற்றால் வருவது. ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களில் தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் மாற்றுவார். தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரியும் வாயு திறனாக மாறாமல் சிலிண்டர் சுவரையும் வெளியேறும் பாதையையும் சூடாக்கும். முதல் விசிறியை நெம்புகோல் ஓரிடத்தில் இருக்கும்போதும் இரண்டாவதை இன்னோரிடத்தில் இருக்கும்போதும் சோதித்தால், ஒப்பிடப்படுவது நெம்புகோல்தான். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரெட்டரில் பெட்ரோல் குறைந்த கலவையும் இதே கெடுதலைச் செய்யும்.

பெல்ட் வழுக்குவது இன்னொரு காரணம். மாடல் டி-யில் இன்ஜினின் சுழலும் அச்சான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலுள்ள புல்லியிலிருந்து தட்டையான பெல்ட் ஒன்று விசிறியைச் சுழற்றியது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும். கணக்குப்படி நிமிடத்துக்கு 1,500 சுற்று வர வேண்டிய விசிறி 1,300 மட்டுமே சுற்றினால், காற்று 13 விழுக்காடு குறையும். ரேடியேட்டரின் தடையை வெல்லும் அழுத்தமோ முக்கால் பங்காகிவிடும். ஆகவே இன்ஜினின் வேகத்தை எழுதிக்கொண்டு விசிறியின் வேகத்தை ஊகிக்காமல், சுற்று எண்ணும் கருவியை விசிறியின் அச்சு முனையிலேயே அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

மாடல் டி-யின் முதல் 2,500 கார்கள் அளவுக்குத்தான் நீர்ப் பம்ப் இருந்தது. பிறகு 1927 வரை தயாரான கார்களில் சூடான நீர் இலேசாகி மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதுமாகிய இயல்பான ஓட்டமே பயன்பட்டது. தெர்மோசைஃபன் எனப்படும் இந்த ஏற்பாட்டில், நீர்மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் அடியோடு நின்றுபோகும். அதன் பிறகு எந்த விசிறியாலும் பயனில்லை. எனவே ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு நீரை ஒரே அளவுக்கு நிரப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. பழைய விசிறி, புதிய விசிறி, மறுபடியும் அதே பழைய விசிறி என்ற வரிசையில் சோதியுங்கள். மூன்றாவது அளவு முதல் அளவோடு ஒத்துப்போனால் நடுவில் தெரிந்த மாற்றம் விசிறியால் வந்தது. ஒத்துப்போகாவிட்டால் வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: இறக்கைகள் அதிகமாக இருந்தால் காற்றும் அதிகமாக வரும் அல்லவா? பிறகு ஏன் சில கார்களில் இரண்டே இறக்கைகள் வைத்தார்கள்? — ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டு இறக்கையை நான்காக்கினால் காற்று இரட்டிப்பாவதில்லை. ஓர் இறக்கை கலைத்துவிட்டுப் போன காற்றில்தான் அடுத்த இறக்கை வெட்டிச் செல்கிறது. எண்ணிக்கை கூடும்போது உண்மையில் உயர்வது விசிறி தரக்கூடிய அழுத்தம். தடித்த, நெருக்கமான தேன்கூடு ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்க அழுத்தம் தேவை. அங்கே நான்கு அல்லது ஆறு அகலமான இறக்கைகள் பொருத்தமானவை. காற்று எளிதில் புகும் மெல்லிய ரேடியேட்டருக்கு இரண்டு நீண்ட இறக்கைகளே போதும், சத்தமும் திறன் இழப்பும் குறையும். 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ-யில், நீர்ப் பம்பின் அச்சிலேயே விமானப் புரொப்பெல்லரைப் போன்ற இரண்டு இறக்கை விசிறியைப் பொருத்தினார்கள்.

இறக்கையின் சாய்வுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சாய்வை அதிகமாக்கினால் அதிகக் காற்று என்பது ஓரளவு வரைதான் உண்மை. இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையேயுள்ள கோணம் 15 டிகிரியைத் தாண்டினால், தட்டையான தகட்டின் முதுகுப்புறத்தில் காற்று ஒட்டாமல் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். சத்தம் எழும், திறன் செலவாகும், காற்று வராது. இதில் ரேடியேட்டருக்கும் பங்கு உண்டு. அது காற்றைத் தடுக்கத் தடுக்க, விசிறிக்குள் வரும் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய, அதே சாய்வுள்ள இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் பெரிதாகிறது. திறந்த அறையில் சோதித்தபோது பிரமாதமாக இருந்த விசிறி, ரேடியேட்டருக்குப் பின்னால் போனதும் சோர்ந்து நிற்பது இதனால்தான். ரேடியேட்டர் இல்லாமல் விசிறியைச் சோதித்து எழுதிய எண்களை யார் காட்டினாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இறக்கையின் அடிப்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் செல்வதால், அடியில் அதிகச் சாய்வும் நுனியில் குறைந்த சாய்வுமாக முறுக்கி அமைப்பதே சரியானது. தகட்டை ஒரே சாய்வில் வளைத்துச் செய்த மலிவான விசிறிகளில், நடுக்குமிழுக்கு அருகே காற்று பின்வாங்கி மீண்டும் ரேடியேட்டர் பக்கமே திரும்புவது உண்டு. ஒரு குச்சியின் முனையில் கம்பளி நூல் இழை ஒன்றைக் கட்டி, ரேடியேட்டருக்கு முன்பக்கமிருந்து நடுப்பகுதிக்கு நேரே நீட்டிப் பாருங்கள். மற்ற இடங்களில் இழை உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். நடுவில் அது தொங்கித் தடுமாறும்.

கேள்வி: விசிறியைச் சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுழற்றிவிட்டால் எல்லாம் சரியாகாதா? — ஒரு மெக்கானிக், நாமக்கல்

பதில்: காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் கூடும், அழுத்தம் வேகத்தின் இருமடிக்கும், எடுக்கும் திறன் மும்மடிக்கும் ஏற்பக் கூடும். 1,000 சுற்றில் அரைக் குதிரைத்திறன் எடுக்கும் விசிறி 2,000 சுற்றில் நான்கு குதிரைத்திறன் கேட்கும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார், காற்றின் இந்தத் தடையையே ஓர் அளவுகோலாக்கி, இரு தட்டுகள் பொருத்திய ஒரு சட்டத்தை இன்ஜின் அச்சில் சுழலவிட்டு, அது எட்டும் வேகத்தைக் கொண்டு இன்ஜினின் திறனைக் கண்டறியும் முறையை ஏற்படுத்தினார். விசிறி எவ்வளவு பெரிய பிரேக் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சிறிய புல்லியால் மெதுவாகச் செல்லும்போது நன்மை கிடைக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் விசிறியே தேவைப்படாத வேகத்தில், அது திறனைத் தின்றுகொண்டும் அலறிக்கொண்டும் இருக்கும். தகரக் கூட்டையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் முதலில் சரிசெய்து பார்த்துவிட்டுப் புல்லிக்கு வாருங்கள்.

கேள்வி: ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தள்ளும் விசிறி நல்லதா, பின்னால் நின்று இழுக்கும் விசிறி நல்லதா? — ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பின்னால் நிற்கும் விசிறிக்குச் சூடேறிய காற்று வருகிறது. 30 டிகிரிக் காற்று 60 டிகிரியாகும்போது அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவதால், அந்த அளவுக்கு நட்டம் உண்டு. இருந்தாலும், இழுக்கப்படும் காற்று ரேடியேட்டரின் முகம் முழுவதும் ஓரளவு சீராகப் பரவி நுழைகிறது. தள்ளப்படும் காற்று இறக்கைக்கு நேரான வளையத்தில் மட்டும் மோதுகிறது. அதோடு, இன்ஜினின் முன்முனையிலிருந்து ஒரு பெல்ட் போட்டுச் சுழற்றுவதற்குப் பின்பக்கமே வசதி. அன்றைய வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

கேள்வி: நீரே இல்லாமல் வெறும் காற்றால் குளிர்ந்த கார்கள் அமெரிக்காவில் இருந்தனவாமே? அவற்றில் ஒன்று வெற்றி பெற்று மற்றொன்று தோற்றது ஏன்? — ஒரு பொறியியல் பேராசிரியர், மதுரை

பதில்: நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் 1902 முதல் கார் தயாரித்த ஃபிராங்க்ளின் நிறுவனம், தன் பொறியாளர் ஜான் வில்கின்சனின் வழிகாட்டுதலில் காற்றுக் குளிர்விப்பைக் கடைசி வரை விடவில்லை. தொடக்கத்தில் சிலிண்டரின் மேல் வெப்பத்தை வெளியேற்ற அமைந்த மெல்லிய மடல்களையும் வண்டி ஓடும்போது வீசும் காற்றையுமே நம்பினார்கள். இன்ஜின் பெரிதானதும் அது போதவில்லை. 1910 அளவில், இன்ஜின் அச்சோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் உள்ளேயே பல குறுகிய இதழ்களை அமைத்து அதையே ஒரு பெரிய உறிஞ்சும் விசிறியாக்கினார்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தகட்டு உறை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு சிலிண்டரின் மடல்களையும் தடவிக்கொண்டு காற்று இறங்கும். பெல்ட் இல்லை, ஆகவே வழுக்கலும் இல்லை. பிரான்சின் ரெனோ நிறுவனமும் ரேடியேட்டரை இன்ஜினுக்குப் பின்னால் நிறுத்தி, ஃப்ளைவீல் விசிறியாலேயே காற்றை இழுத்தது. இத்தகைய அமைப்பில் இன்ஜின் உறை முழுவதுமே ஒரு காற்றுக் குழாய். அதில் எங்கேனும் இடுக்கு இருந்தால் காற்று குறுக்குவழியில் புகுந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் முடிவு முற்றிலும் தவறாகும்.

ஃபிராங்க்ளினின் அந்த விசிறி 'சிராக்கோ' வகையைச் சேர்ந்தது. முன்னோக்கி வளைந்த பல குறுகிய இதழ்கள் கொண்ட அந்த வகைக்கு 1898-இல் காப்புரிமை பெற்ற சாமுவேல் டேவிட்சன், இளமையில் அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியவர். தேயிலை உலர்த்தும் இயந்திரங்களுக்காக அவர் பெல்ஃபாஸ்டில் நிறுவிய சிராக்கோ ஆலையின் பெயர், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமானதே.

தோற்றது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான செவ்ரோலேயின் 'காப்பர் கூல்டு' (செம்பால் குளிர்விக்கப்படும்) கார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் சார்ல்ஸ் கெட்டரிங், வார்ப்பிரும்புச் சிலிண்டரின்மேல் செம்புத் தகட்டு மடல்களை இணைத்து, விசிறியால் காற்றை ஓட்டினார். இரும்பைவிடச் செம்பு பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் அந்த எண்ணம் மிகச் சரியானது. டேட்டன் நகரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த இன்ஜின் நன்றாக ஓடியது. ஆனால் 1921 இறுதியில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்ப் பிரிவினர் தம் கையில் வாங்கிச் சோதித்தபோது அது தேறவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த முரண்பாட்டைத் தீர்க்காமலே, 1923 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் செவ்ரோலே காரைக் காட்டிவிட்டார்கள். தயாரான 759 கார்களில் 239 தொழிற்சாலையிலேயே கழிக்கப்பட்டன. வாடிக்கையாளர் கைக்குப் போனவை ஏறத்தாழ நூறு. வெயில் ஏறியதும் இன்ஜின் சூடாகித் திறன் இழந்தது, கலவை தீப்பொறிக்கு முன்பே பற்றியது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் எல்லாக் கார்களையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலும் மற்றொன்று ரீனோ நகரிலும் இருக்கின்றன.

கெட்டரிங்கின் செம்பு மடல் தவறான வழி என்று நான் கருதவில்லை. உருவாக்கியவர்களின் சோதனையும் ஓட்டப்போகிறவர்களின் சோதனையும் வேறு வேறு முடிவு தந்தபோது, இரு தரப்பாரும் ஒரே சாலையில், ஒரே தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். காற்றுக் குளிர்விப்பில் இந்தப் பொறுமை மிகவும் தேவை. மேல்தொட்டி நீர் என்ற ஒரே எண் அங்கே இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் பல இடங்களில் தனித்தனியே அளந்தாக வேண்டும். காற்று முதலில் தொடும் சிலிண்டர் குளிர்ந்திருக்க, கடைசியில் தொடும் சிலிண்டர் கொதித்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்க மோட்டார் தொழிலில் இதற்கெனத் தனிச் சோதனைத் தளம் 1924-இல்தான், மிச்சிகன் மாநிலத்தின் மில்ஃபோர்டில், இதே ஜெனரல் மோட்டார்ஸால் அமைக்கப்பட்டது.

கேள்வி: என் தாத்தா காலத்து ஃபோர்டு காரைப் புதுப்பித்து வருகிறேன். பழைய விசிறியையே பொருத்தலாமா, அல்லது மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கார் மாடல் ஏ என்றால், இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய பழைய இரண்டு இறக்கை விசிறியைக் கழற்றிக் காட்சிக்கு வைத்துவிட்டு, புதிதாகச் செய்த ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த விசிறி உள்ளே வெற்றிடமுடையது. ஈரம் புகுந்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓடும்போது இறக்கை பிய்ந்து ரேடியேட்டரையும் பானெட்டையும் துளைத்த நிகழ்வுகள் பல உண்டு.

மாடல் டி-யின் நான்கு இறக்கை விசிறியைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம். எண்ணெய்ப் பிசுக்கையும் பெயின்ட்டையும் முழுவதும் நீக்கிவிட்டு, ரிவெட் அடித்த இடங்களைச் சுற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தலைமுடி அளவு கீறல் தெரிந்தாலும் அதைப் பற்றவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். 200 கிராம் எடையுள்ள இறக்கை, அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும்போது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் மீது ஏறத்தாழ 134 கிலோ எடைக்குச் சமமான இழுவை விழுகிறது.

கீறல் இல்லையென்றால் சமநிலையைச் சோதியுங்கள். விசிறியின் துளையில் நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் செருகி, மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு கத்திவிளிம்புத் தகடுகளின்மேல் வையுங்கள். கனமான இறக்கை மெல்லக் கீழே வந்து நிற்கும். அந்த இறக்கையின் நுனியில் அரத்தால் சிறிது சிறிதாக ராவி, எந்த நிலையில் விட்டாலும் விசிறி அப்படியே நிற்கும் வரை தொடர வேண்டும். ரிவெட் பக்கத்தில் அரத்தை வைக்கவே கூடாது. இதை முடித்துப் பொருத்தியபின் முதல் முறை இன்ஜினை ஓட்டும்போது பானெட்டை மூடிவிட்டு, நீங்களும் உதவிக்கு இருப்பவர்களும் விசிறிக்குப் பக்கவாட்டில் நிற்காமல் வண்டியின் பின்பக்கம் நில்லுங்கள். அரை மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, ரிவெட்டுகளை மறுபடியும் கண்ணாடியால் பார்த்த பிறகே சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.